ரோட்டு மரத்துக் கொப்பு

முப்பத்தெட்டுத் தாளில் இரண்டில் மட்டும் நம்பர் இல்லை. ரஞ்சனா அந்த இரண்டையும் முறுக்கு பிழிகிற பலகையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நனைந்த குடையைக்கூட மடக்காமல் நின்றாள். குடைக்கம்பியிலிருந்து தண்ணீர் மாவுச் சட்டிக்குள் சொட்டியது. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லி சட்டியை இழுத்து இந்தப் பக்கம் வைத்தாள். சிமெண்டுத் தரையில் அது கிறீச்சென்று கேட்கும்படி இழுத்தாள்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் அந்த வீடு ஒற்றை அறை. சனிக்கிழமை காலை, ஜூன் மாதத்து முதல் மழை. வாசலில் சாக்கடை நிரம்பிப் படியை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. அடுப்புக்கு நேர்மேலே பரணில்தான் இத்தனை நாளும் அந்தத் தாள்கட்டு காய்ந்துகொண்டிருந்தது.

ரஞ்சனாவுக்குக் காலேஜில் செடி கொடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற வேலை. மற்ற நாளெல்லாம் காடு. மரத்தைப் பூவோடு பார்த்தால்தான் இன்ன மரம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். பூவோ உச்சிக்கொப்பில் இருக்கும். அதற்குத்தான் செண்பகவல்லியின் புருஷன் கணேசபாண்டியன். மழைக்கு முன்னால் பம்பாய் ரோட்டோரத்து மரங்களைக் கழித்துவிடுகிற கேங்கில் பதினாறு வருஷம் மரம் ஏறியவர். மூன்று வருஷமாக ரஞ்சனாவுக்கு ஏறுகிறார். அவள் கீழே நின்று பைனாகுலரில் பார்த்துக் கை காட்டுவாள். இவர் ஏறிக் கொப்பை வெட்டி இறக்குவார். இறங்கிய கொப்புக்கு அங்கேயே ஒரு நம்பர். எந்த மலை, எத்தனை அடி உயரம், பட்டை என்ன நிறம், இலையைக் கசக்கினால் என்ன வாசம் எல்லாம் நோட்டில் அந்த நம்பருக்கு நேரே ஏறும். கொப்பைப் பழைய பேப்பருக்குள் விரித்து, பேப்பர் ஓரத்தில் அதே நம்பரைப் பென்சிலால் எழுதி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். செடியிலேயே சீட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு. ரஞ்சனா கட்டமாட்டாள். நூல் மொட்டை அறுத்துவிடும் என்பாள்.

தினமும் பேப்பர் மாற்றாவிட்டால் இலை பூசணம் பிடித்துவிடும். ரஞ்சனாவின் மாட்டுங்கா ஃபிளாட்டில் மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும். செண்பகவல்லியின் அடுப்போ காலை ஐந்து மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அணையாது. அதனால் கட்டு இங்கே வந்தது. பேப்பர் மாற்றுவது மகள் சாதனாவின் வேலை. பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கும் காலேஜுக்கும் நடுவில் இருந்தாள். பழைய தாளை எடுப்பதற்கு முன்னாலேயே புதுத் தாளில் நம்பரை எழுதிவிட வேண்டும். ரஞ்சனா சொல்லிக்கொடுத்த விதி அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அந்த விதி தவறியது. ஒரு கல்யாண வீட்டுக்கு முறுக்கு போக வேண்டிய நாள். எல்லாத் தாளையும் முதலில் மாற்றிவிடலாம், பழையதைப் பார்த்து நம்பரைப் பிறகு வரிசையாக எழுதிக்கொள்ளலாம் என்று சாதனா நினைத்தாள். மாற்றி முடித்துத் திரும்பினால் பழைய தாளெல்லாம் தரையில் விரிந்து கிடந்தது. அதன்மேல் சூடு ஆறாத முறுக்கு. எண்ணெய் வடியப் பேப்பர் விரிப்பது அந்த வீட்டில் யோசித்துச் செய்கிற காரியமில்லை. கையில் அகப்பட்டதை அம்மா எடுத்து விரிப்பாள். எண்ணெய் குடித்த பேப்பரில் பென்சில் எழுத்து எங்கே தெரியும்?

அவள் அழவில்லை. ஒவ்வொரு கொப்பாகப் பார்த்துப் பார்த்து நம்பர் போட்டாள். முள் உள்ளது இது, அடியில் வெள்ளை பூத்த இலை இது, நசுக்கினால் மாங்காய் வாசம் அடிக்கிறது இது. முப்பத்தாறுக்கு ஞாபகம் இருந்தது. நூற்று எண்பத்தாறும் நூற்று எண்பத்தேழும் மட்டும் ஒரே மாதிரி. இரண்டும் ஒரே ஜாதி மரம். இரண்டிலும் வெள்ளை நரம்பு நரம்பாகப் பூ. இது எது, அது எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. குருட்டாம்போக்கில் போடக் கை வரவில்லை. வெறுமனே விட்டுவிட்டாள்.

மொத்தக் கட்டிலும் முக்கியமானவை அந்த இரண்டும்தான். கர்ஜத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மலைச்சரிவில் ரோடு போடப்போகிறார்கள். அங்கே இருப்பது வெறும் புதரும் சாதா நாவல் மரமும்தான் என்று ரோட்டுக்காரர்கள் எழுதிக்கொடுத்திருந்தார்கள். சாதா நாவல் இல்லை, நாவல் இனத்திலேயே எங்கேயோ ஒன்று இரண்டு மிஞ்சியிருக்கிற வகை என்று ரஞ்சனா சொன்னாள். இலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பூவில்தான் தெரியும். மலைக்கு மேலே, காவல் போட்ட காட்டுக்குள் அதே ஜாதியில் ஒரு மரம் உண்டு. அது நூற்று எண்பத்தாறு. கணேசபாண்டியன் அதை மேட்டு மரம் என்பார். ரோடு போகிற இடத்தில் நிற்பது ரோட்டு மரம், நூற்று எண்பத்தேழு. ரோட்டுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்க வியாழக்கிழமை கமிட்டி உட்காருகிறது. ரோட்டு மரத்துக் கொப்பை நம்பரோடு மேசைமேல் வைத்தால் அந்தச் சரிவு தப்பிக்கும். இல்லாவிட்டால் இல்லை.

"முப்பத்தாறுல நம்பர் இருக்கு. இந்த ரெண்டுல மட்டும் இல்லை," என்றாள் ரஞ்சனா. சாதனாவைப் பார்த்துச் சொல்லவில்லை, கணேசபாண்டியனைப் பார்த்துச் சொன்னாள். "கைதவறிப் போயிருந்தா நாலஞ்சு போயிருக்கும். தேடிப் பார்த்து இந்த ரெண்டுலயும் மட்டும் யாரோ எடுத்திருக்கா."

கணேசபாண்டியன் கொப்பின் அடிமுனைகளைத் தொட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது. "நம்பர் போனா போவுது மேடம். இந்தா பாருங்க, இது அருவா வெட்டு, சாஞ்சிருக்கு. இது கையால பிச்சது, நார் தொங்குது. ரோட்டு மரத்துல ஏறும்போதுதான எனக்கு அருவா நழுவிக் கீழ விழுந்துச்சி? பிச்சதுதான் ரோட்டு மரம். தைரியமா எழுதுங்க."

"அருவா விழுந்தது என் நோட்டுல இல்லை."

"ஒங்க நோட்டுல இல்லன்னா விழலன்னு ஆயிருமா?"

"நீங்க சொல்றேள்னு நான் எழுதினா அது சாட்சி இல்லை, கதை. எதிராளி வக்கீல் அரை நிமிஷத்துல கிழிச்சுடுவான்." குடையை மடக்கினாள். கொஞ்சம் பொறுத்து, "வானமாமலையோட நீங்க சிக்னல்கிட்ட டீ குடிச்சிண்டிருந்ததை பஸ்லேர்ந்து பார்த்தேன். அவர்தானே அங்க புதர் வெட்டற கான்ட்ராக்ட் எடுத்திருக்கார்?" என்றாள்.

அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. செண்பகவல்லி அதைக் கவனிக்கவில்லை. "ஒங்க காயிதத்துக்கு காவல் இருக்கத்தான் நாங்க அடுப்பு மூட்டுதோமா?" என்று கேட்டாள். "ஒரே ஊர்க்காரன் டீ வாங்கிக் குடுத்தா குடிக்கத்தான் செய்வாரு. அதுக்கும் நம்பர் போடணுமா?"

ரஞ்சனா கட்டை வாரால் இறுக்கினாள். சாதனா பக்கத்திலேயே நின்றாள். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். வாயைத் திறந்தால் அம்மாவும் மாட்டிக்கொள்வாள் என்று தோன்றியது. அது சாக்கு என்பதும் தெரிந்தது. பயம், அவ்வளவுதான். ரஞ்சனா சாக்கடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க கணேசபாண்டியன் வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டினார். தீட்டத் தேவையே இல்லாத அரிவாள். சந்தில் போகிறவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். செண்பகவல்லி முதல் ஆளிடம் ஒன்றுமில்லை என்றாள், மூன்றாவது ஆளிடம் முழுக்கதையையும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலர் ரஞ்சனாவைத் திட்டினார்கள். சிலர், நெருப்பில்லாமலா புகையும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்கள்.

முக்காதம் வானமாமலை வந்தது அப்போதுதான். முக்காதம் என்றால் கேங்குக்குத் தலைவன். கணேசபாண்டியனைப் பதினாறு வருஷம் மேய்த்தவர் அவர். படியிலேயே நின்று பேசினார்.

"என்ன வே கணேசா, மூணு வருசம் அந்தம்மாவுக்குக் கொரங்கு மாதிரி ஏறுனீரு. கடைசில களவாணிப் பட்டம் குடுத்துட்டாள்லா? எங்கிட்ட வாரும். திங்கக்கெழம சரிவுல புதர் அடிக்கோம். மரம் அடிக்க ஆர்டர் வந்துட்டுன்னா ஒமக்கு ஆறு மாசத்துக்கு வேல."

"நான் வாரேன்னு வச்சிக்கிடும். அப்ப அவ சொன்னது நெசம்னு ஆயிரும்."

"வராட்டாலும் அப்படித்தான சொல்லுதா? பேரு போனது போனதுதான். கூலியாவது மிச்சமாவும்."

கணேசபாண்டியன் அரிவாளைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தைத் தீட்டினார். வானமாமலை கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே போனார். சாதனா பரணுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். பேர் போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அரிசி மாவு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே ரஞ்சனாவின் ஃபிளாட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி. கதவைத் திறந்த ரஞ்சனா உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியையும் மறிக்கவில்லை. சாதனா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பயத்தில் பாதி இந்தியில் போயிற்று. முறுக்கு, எண்ணெய், ஞாபகத்தில் இருந்து எழுதிய முப்பத்தாறு நம்பர்.

ரஞ்சனா முதலில் கேட்டது அந்த முப்பத்தாறைத்தான். "அதெல்லாமும் ஞாபகத்துலேர்ந்தா?" என்றாள். உள்ளே போய்க் கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக நோட்டோடு சரிபார்த்தாள். ஒருமணி நேரம் ஆயிற்று. சாதனாவை உட்காரச் சொல்லவில்லை. முப்பத்தாறும் சரியாக இருந்தன. அதைச் சொல்லவும் இல்லை.

"நேத்திக்கு உங்கப்பாவை நான் அப்படிக் கேட்டப்போ நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா மேடம்."

"வாயைத் திறக்கலை."

"பயமா இருந்துச்சி."

ரஞ்சனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு சீட்டு நானும் கட்டியிருக்கணும்," என்று கண்ணாடியிடம் சொன்னாள். பிறகு திரும்பி, நீ சொன்னதால் மட்டும் செத்த நம்பர் பிழைத்துவிடாது, மரத்தில் பூ மிச்சம் இருந்தால் இன்னொரு கொப்பு எடுக்க வேண்டும், பூத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது, நாளைக்கே போனால்தான் உண்டு என்றாள்.

"அப்பாட்ட சாரி சொல்லுவீங்களா?"

"முதல்ல நீ சொல்லு," என்றாள் ரஞ்சனா.

வீட்டில் கணேசபாண்டியன் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாதனா சொல்லி முடித்தபோது கை பாதிச் சோற்றில் நின்றது. அடிப்பார் என்று நினைத்தாள். அவர் தட்டிலேயே கை கழுவினார்.

"நேத்துலருந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான இருந்த?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கே மரம் ஏற வேண்டும் என்று அவள் சொன்னதும் கயிற்றை எடுத்து வைத்தார்.

செண்பகவல்லி, பேப்பரை விரித்தது தன் கை என்று தெரிந்ததும், இவளையும் திட்டவில்லை, தன்னையும் திட்டவில்லை. வெங்காயம் உரித்தாள். சமையலுக்குத் தேவையானதைவிட அதிகமாக உரித்தாள்.

திங்கள்கிழமை முதல் வண்டியில் தாதரிலிருந்து கர்ஜத். ரஞ்சனா, கணேசபாண்டியன், சாதனா மூன்று பேரும் ஒரே பெட்டியில் ஏறி மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. ரஞ்சனா முன்னால், கணேசபாண்டியன் கடைசியில், தோளில் கயிறு. மழை தூறலாக விழுந்தது. காடு என்றால் சாதனாவுக்கு இந்த மூன்று வருஷத்தில் அரைகுறையாகத் தெரியும். எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பூத்துவிட்டு மொத்தமாகச் செத்துப்போகிற கார்விப் புதர் இடுப்பு உயரம் நின்றது. அதற்குள் நடந்தால் கால்சட்டையெல்லாம் பிசுபிசுக்கும். ரஞ்சனா நடந்துகொண்டே குனிந்து குனிந்து பார்த்தாள். வழியில் ஒரு மரத்தின் கீழே இலைச்சருகில் விரல் நீளத்துக்கு முளைத்திருந்த அதன் கன்றுகளை எண்ணினாள். ஒன்பது. நோட்டில் எழுதினாள். போன வருஷம் முப்பத்தொன்று இருந்தது என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

சரிவில் ஏற்கெனவே ஆள் இருந்தது. வானமாமலையின் கேங், பத்துப் பன்னிரண்டு பேர். கார்வியை அடியோடு அடித்து வழி விட்டிருந்தார்கள். புதர் வெட்டத்தான் ஆர்டர், இருந்தாலும் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு மோட்டார் ரம்பம் காத்திருந்தது. ரோட்டு மரம் அறுபதடி. அடிமரத்தில் பச்சைப் பாசி, அதன்மேல் மழைத்தண்ணீர் கயிறு கயிறாக வழிந்தது.

வானமாமலை குடைக்குள் நின்றபடி, இந்த வழுக்கலில் ஏறினால் இடுப்பு ஒடியும், ஒடிந்தால் யார் கேங் ஆள் என்று எழுதுவது என்று கேட்டார். கேங்கில் சிலர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுத்தவர் கணேசபாண்டியன். யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்.

"கணேசபாண்டியன், மரம் காயட்டும். மத்யானம் பார்க்கலாம்," என்றாள் ரஞ்சனா.

"மத்தியானம் மட்டும் மழ நிக்கும்னு ஒங்க நோட்டுல எழுதியிருக்கா?"

பாதத்தில் கயிற்று வளையம் மாட்டிக்கொண்டு ஏறினார். பாசியில் இரண்டு தடவை சறுக்கினார். கீழே சிரிப்பு நின்றுவிட்டது. கிளை பிரிகிற இடம் தாண்டியதும் இலைக்குள் மறைந்துபோனார். கொப்பு அசைவதை வைத்துத்தான் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தது. ரஞ்சனா பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பூவெல்லாம் கொட்டிவிட்டது. மேற்கே நீண்ட ஒரு கொப்பின் நுனியில் மட்டும் வெள்ளையாக ஒரு கொத்து. கைத்தடி கனம்கூட இல்லாத கொப்பு.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். கொப்பு தாழ்ந்தது. அவர் நகர நகர இன்னும் தாழ்ந்தது.

"அது தாங்காது. விட்டுட்டு இறங்குங்கோ," என்று ரஞ்சனா கத்தினாள்.

கொப்பு இன்னும் ஒரு சாண் தாழ்ந்தது. ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வானமாமலைகூடக் குடையைக் கீழே போட்டுவிட்டு, எறங்கும் வே என்று கத்தினார். அப்பா இறங்கமாட்டார் என்று சாதனாவுக்குத் தெரிந்தது. களவாணி இல்லை என்று காட்டாமல் அந்த மனுஷன் தரையில் கால் வைக்கமாட்டார்.

பக்கத்தில் குடசப்பாலைச் செடி ஒன்று வெள்ளைவெள்ளையாகப் பூத்து நின்றது. சாதனா ஒரு கொத்தை ஒடித்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"அப்பா, பூ கீழயே கெடச்சிட்டு. காத்துல கொப்போட ஒடிஞ்சி கெடந்துச்சி. நீ எறங்குப்பா."

இலைக்குள்ளே அசைவு நின்றது. "மேடம் பாத்தாவளா?" என்று குரல் வந்தது.

ரஞ்சனா சாதனாவின் கையைப் பார்த்தாள். அந்தப் பூவுக்குப் பெயர் சொல்ல அவளுக்கு அரை நொடிகூட வேண்டாம். இந்தக் காட்டில் காலால் தள்ளிவிட்டு நடக்கிற செடி அது.

"பார்த்தேன். அதுதான். இறங்குங்கோ," என்றாள்.

அவர் இறங்கி வர நேரம் எடுத்தது. தரையில் கால் வைத்ததும் வளையத்தைக்கூடக் கழற்றாமல் நேரே சாதனாவிடம் வந்தார். முழங்கையிலும் நெஞ்சிலும் பாசியும் ரத்தமும். அவள் கையை மறைக்கப் பார்த்தாள். ஒடித்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்து மணிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. மழை அதைக் கழுவக் கழுவப் புதிதாக வடிந்தது.

கணேசபாண்டியன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாவலுக்கு ஏதுட்டி பாலு?"

அவர் மரத்தைப் பார்த்துத் திரும்பினார். ரஞ்சனா குறுக்கே வந்து நின்றாள். நோட்டைத் திறந்து, மழை படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு எழுதினாள். அது இங்கிலீஷ், அவரால் படிக்க முடியாது. அதனால் வாய்விட்டுப் படித்தாள். "மரத்தில் பூ இருந்தது, நுனிக்கொப்பில். ஏறியவர் கணேசபாண்டியன். எடுக்காமல் இறங்கச் சொன்னது நான். முன்னால் நம்பர் போனது தாள் மாற்றும்போது. அவர் செய்தது இல்லை."

"வெசாழக்கெழம இத வச்சி என்ன செய்வீக?"

அவள் நோட்டை மூடி பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள். அதுதான் பதில் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வளையத்தைக் கழற்றி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்காகவும் காத்திராமல் இறங்கி நடந்தார். சாதனா பின்னால் ஓடினாள்.

சரிவின் முதல் திருப்பம் தாண்டும்போது மேலே ரோட்டு மரம் நின்ற பக்கம் மோட்டார் ரம்பத்தின் கயிற்றை யாரோ இழுத்தார்கள். மழையில் ஈரம் பிடித்திருந்தது, பற்றவில்லை. இரண்டாம் தடவையும் பற்றவில்லை. அப்பா நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது இழுப்பில் பற்றிக்கொண்டது.